தூக்க ஆள் தேடாதேங்கோ, சில்லுத் தேடுங்கோ

திருநெல்வேலி, கொக்குவில், கோண்டாவில் பக்கம் அறை எடுத்துப் படிக்கிற ஆரையும் கேட்டுப் பாருங்கள். பட்டம் முடிக்கிறதுக்குள் ஒரு தரமாவது அறை மாறாத ஆளைக் கண்டுபிடிப்பது கஷ்டம். வாடகை கூடும், கிணத்துத் தண்ணி பிழைக்கும், வீட்டுக்காரரின் பிள்ளைகள் கனடாவிலிருந்து லீவுக்கு வருவார்கள். "மாதக் கடைசிக்குள்ள விட்டுத் தாங்கோ பிள்ளையள்" என்ற ஒரு வசனம் போதும். அறை தேடுவதைப் பற்றி நாங்கள் நிறையக் கதைக்கிறோம். ஆனால் அந்த மேசையையும் மெத்தையையும் நாலு வருசப் புத்தகத்தையும் இந்த மாடியால் இறக்கி அந்த மாடிக்கு எப்படி ஏத்துவது என்பதைப் பற்றி ஒருத்தரும் வாய் திறப்பதில்லை. "பெடியளக் கூப்பிட்டா வந்து தூக்கித் தருவாங்கள்." இவ்வளவுதான் எங்களிடம் இருக்கிற தொழில்நுட்பம்.

எனக்கு இந்தத் தொழில்நுட்பத்தில் உடன்பாடில்லை.

முதலாவது, அது பெட்டையளுக்கு வேலை செய்யாது. பெண்பிள்ளைகளுக்கு அறை கொடுக்கிற பல வீடுகளில் ஆம்பிளைப் பிள்ளையள் கேற்றுக்கு உள்ளே வரக்கூடாது. கேற்றடி வரைக்கும் நீங்கள்தான் தூக்கவேணும். இல்லாவிட்டால் வவுனியாவிலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ அண்ணா, அப்பா ஆராவது வேலைக்கு லீவு போட்டுவிட்டு வரவேணும். வந்து தூக்கிக் கொடுத்த பெடியனுக்கு ஒரு ரீயோடு கணக்கு முடிந்தாலும், பார்த்துக்கொண்டிருந்த ஒழுங்கைக்கு முடியாது. ஒரு அலுமாரி இறக்கினதுக்கு ஆறு மாதம் கதை நடக்கும்.

இரண்டாவது, பெடியன்களின் முதுகும் இரும்பில் செய்ததல்ல. எங்கள் காஸ் சிலிண்டரில் காஸ் மட்டும் 12.5 கிலோ, இரும்பின் பாரம் வேறு. இரண்டு கையாலும் உடம்போடு அணைத்து, வசதியான உயரத்தில் வைத்துத் தூக்கினாலே 23 கிலோவுக்கு மேல் வேண்டாம் என்பதுதான் அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயோஷ் வைத்திருக்கும் கணக்கு. நாங்களோ திருகித் திரும்புகிற ஒடுங்கின படியில், ஒரு கையில் சிலிண்டரும் மறு கையில் ரைஸ் குக்கருமாக இறங்குகிறோம். வீரமாம்.

இந்த வீரத்துக்கு ஒரு வரலாறும் இருக்கிறது. மனுசன் சந்திரனில் கால் வைத்தது 1969இல். பயணப் பெட்டிக்குச் சில்லுப் பூட்டி பேர்னார்ட் சடோ என்ற அமெரிக்கர் காப்புரிமை எடுத்தது 1972இல். அதையும் கடைக்காரர் லேசில் வாங்கவில்லை. ஆம்பிளையள் பெட்டியை உருட்டிக்கொண்டு திரியமாட்டார்கள் என்பது அந்த நேரத்து நினைப்பு என்று சடோவே பிறகு சொல்லியிருக்கிறார். சில்லுக்கும் மீசைக்கும் இடையில் அப்படியொரு பகை.

யாழ்ப்பாணத்துக்குச் சில்லின் அருமையைச் சொல்லிக் கொடுக்கவேண்டிய தேவை இல்லைத்தான். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் வெளிக்கிட்டபோது, செம்மணி வெளியாலும் நாவற்குழிப் பாலத்தாலும் தென்மராட்சிக்குப் போன சனத்தின் முதன்மையான வாகனம் சைக்கிள். பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லாத ஊர். மழை வேறு. அந்தச் சன நெரிசலில் சைக்கிளை ஒருத்தரும் ஓடவில்லை, தள்ளிக்கொண்டுதான் போனார்கள். கரியரில் அரிசி மூட்டை, பாரில் பிள்ளை, ஹாண்டிலில் தொங்குகிற சட்டி பானை. அது அப்போதே ஒரு தள்ளுவண்டில்தான். வன்னியில் 2008, 2009இல் அதே வேலையை லான்ட்மாஸ்டரும் உழவு இயந்திரப் பெட்டியும் செய்தன. கூரைத் தகரத்தைக் கூடக் கழட்டி ஏத்தினார்கள். அறை மாறுவதை இடப்பெயர்வோடு ஒப்பிடுகிறேன் என்று சண்டைக்கு வராதேங்கோ. எதை முதலில் கட்டுவது, எதை விட்டுவிட்டுப் போவது, பாரத்தை எங்கே வைத்தால் வண்டில் சரியாது என்பதெல்லாம் எங்கள் அம்மம்மாக்களுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது என்று மட்டும்தான் சொல்கிறேன்.

கருவி இருந்தும் பயன்படாத நாளும் இந்த ஊரில் இருந்தது. 1990 ஒக்ரோபர் 30 அன்று யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள் விடுதலைப் புலிகள். அவர்களிடமும் சைக்கிள் இருந்தது, லொறி இருந்தது. கொண்டுபோகத்தான் விடவில்லை. அதே திகதியில் ஐந்து வருசம் கழித்து நாங்கள் வெளிக்கிட்ட கதையைச் சொல்லுகிறபோது இதை விட்டுவிட்டுச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

சரி, அறைக்கு வருவோம். வேண்டிய சாமான் பெரிதாக ஒன்றுமில்லை.

முக்கியமானது இரண்டு சில்லு ரொலி. அரிசிக் கடையில் மூட்டை தள்ளுகிறார்களே, அதுதான். சரியான அளவு சரித்துப் பிடித்தால் பாரம் முழுக்க அச்சுக்கு மேலே வந்துவிடும், கைக்கு மிச்சம் கொஞ்சம்தான். வாங்குகிறபோது சில்லைப் பாருங்கள். சின்னப் பிளாஸ்ரிக் சில்லு மாபிள் பதித்த கடைக்குச் சரி, எங்கள் ஒழுங்கைக் கிரவலில் பத்தடி போகாது. காத்தடிக்கிற பெரிய ரயர் போட்டதாக எடுக்கவேணும். படியில் ஏத்துகிறபோது ரொலியை முன்னுக்குத் தள்ளக்கூடாது. மேலே நிற்கிற ஆள் பின்பக்கமாக ஏறி ஒவ்வொரு படியாக இழுக்க, கீழே ஒராள் பிடித்துக்கொள்ளலாம். சாமானை ரொலியோடு சேர்த்துக் கட்ட நல்ல பட்டி இரண்டு. கட்டில், மேசை கழட்ட ஸ்பானர். மாரியில் மாறுகிறதென்றால் தறப்பாள். இந்தச் சொல்லைத் தெரியாத வீடு இங்கே இருக்காது. அலுமாரியைத் தூக்கவே தேவையில்லை, அடியில் பழைய உரப்பையை விரித்து இழுத்தால் நிலத்தில் வழுக்கிக்கொண்டு வரும்.

புத்தகத்துக்கு உரப்பை வேண்டாம். பெரிய பெட்டியும் வேண்டாம், கலைப்பீடத்து ஆக்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கம்பஸைச் சுற்றியிருக்கிற போட்டோக்கொப்பிக் கடையில் ஏ4 தாள் வந்த பெட்டியைக் கேட்டால் சும்மா தருவார்கள். ஐந்து றீம், கிட்டத்தட்ட 12 கிலோ, தாங்குகிற மாதிரித்தான் அதைச் செய்திருக்கிறது. அதை நிரப்பினால் ஒராள் தூக்குகிற அளவில் நிற்கும்.

வாகனம் என்றால் ஓட்டோவில் நாலு தரம் போவதை விட ஒரு பட்டாவை ஒரேயடியாகப் பிடிப்பது நல்லது. ஒழுங்கை ஒடுக்கம் என்றால் லான்ட்மாஸ்டர். குலுக்கத்தில் கண்ணாடிச் சாமான் உயிரோடு வந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

இதையெல்லாம் ஒரு மாணவர் தனியாக வாங்கவேணும் என்று நான் சொல்லவில்லை. வருசத்தில் ஒரு நாள் தேவைப்படுகிற ரொலியை ஆர் வாங்குவார்? எங்கள் ஊர்ச் சனசமூக நிலையங்களைப் பாருங்கள். கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் கதிரை, கிடாரம், கொட்டகைச் சாமான் எல்லாம் அங்கிருந்துதான் போகும். ஒரு கொப்பியில் எழுதிவிட்டு எடுக்கிறது, கழுவிக் கொண்டுவந்து வைக்கிறது. கிடாரத்துக்கு இருக்கிற இந்த ஏற்பாடு ரொலிக்கு ஏன் இல்லை? ஒவ்வொரு வருசமும் புது மாணவர் வரவேற்புக்குக் காசு சேர்க்கிறோம், பனர் அடிக்கிறோம். அந்த பனர் காசில் கொஞ்சத்தை ஒதுக்கினால் ஒரு ரொலி, இரண்டு பட்டி, ஸ்பானர் செற் ஒன்று வாங்கலாம். வீட்டுக்காரரிடம் மாதக் கடைசி வரை தவணை வாங்கி, ஆளும் கிடைக்காமல், கடைசி நாள் மேசையைப் பழைய இரும்புக்காரருக்கும் மெத்தையை மழைக்கும் விட்டுவிட்டுப் போன பிள்ளைகளை எனக்குத் தெரியும். அந்த மேசை வாங்க அவர்களின் வீட்டில் என்ன பட்டிருப்பார்கள் என்பதும் தெரியும்.

வாங்கினால் ஆரிடம் வைப்பது என்று நிச்சயம் ஒரு கூட்டம் வைப்பார்கள், அதில் இரண்டு மணித்தியாலம் போகும். என் வாக்கை இப்போதே சொல்லிவிடுகிறேன். முதல் ரொலியைப் பெண்பிள்ளைகள் இருக்கிற வீட்டில் வையுங்கள், கொப்பியும் அவர்களிடமே இருக்கட்டும். பெடியன்களுக்குத் தேவையென்றால் கேற்றடியில் நின்று கேட்டு வாங்கலாம்.