முட்டுக்கட்டையின் பெருமை

நமது பாஷையில் சில சொற்களுக்கு நாம் பெரிய அநியாயம் செய்திருக்கிறோம். அவற்றுள் ஒன்று முட்டுக்கட்டை. நல்ல காரியம் ஒன்றை நடக்கவொட்டாமல் தடுப்பவரைப் பார்த்து, “முட்டுக்கட்டை போடுகிறார்” என்று குறை கூறுகிறோம். சட்டசபை விவாதமானாலும் சரி, கலியாணப் பேச்சானாலும் சரி, முட்டுக்கட்டைக்கு நல்ல பெயர் கிடையாது. ஆனால் சாய்ந்த சுவரையும், காய்த்துத் தொங்கும் வாழையையும், மாடு அவிழ்த்த வண்டியையும் தாங்கி நிற்பது முட்டுக் கொடுத்த கட்டையே அல்லவா? முட்டு நல்லதாக இருக்கும் வரையில் அதை நாம் கவனிப்பதே இல்லை. அது நழுவின பிறகுதான் கவனிக்கிறோம். அப்பொழுது பெரும்பாலும் காலம் கடந்து விடுகிறது.

இந்த ஞானம் நமக்குப் புஸ்தகத்தில் கிடைத்ததன்று, கொடைக்கானலில் கிடைத்தது.

சில வருஷங்களுக்கு முன் ஒரு சித்திரை மாதத்தில், பந்துக்கள் எல்லோருமாகச் சேர்ந்து புதுக்கோட்டையிலிருந்து பழநிக்கும், அங்கிருந்து கொடைக்கானலுக்கும் போய் வருவதென்று தீர்மானித்து, ஒரு பஸ்ஸை வாடகைக்கு அமர்த்தினோம். அந்தப் பஸ்ஸின் வயிற்றில், சக்கரங்களுக்கு நடுவே, சாமான் வைப்பதற்கென்று பெரிய அறைகள் இருந்தன. அவற்றின் கதவுகள் நம் வீட்டுக் கதவுகளைப்போல் பக்கவாட்டில் திறப்பவை அல்ல. கீல் மேலே இருக்க, அடி விளிம்பைப் பிடித்து மேலே தூக்க வேண்டியவை. புறப்பட்ட அன்று மத்தியானம், வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தபோது, கிளீனர் பையன் கதவைத் தூக்கிவிட்டான். அது கொஞ்சம் தயங்கினாலும், கூரை பிடித்ததுபோல் நின்றது. பெட்டி, படுக்கை, புளியோதரைத் தூக்கு, அத்தையின் வெற்றிலைச் செல்லம் எல்லாம் உள்ளே போயின.

மறுநாள் விடியற்காலையில், கொடைக்கானல் ஏரிக் கரையில் அதே கதவைத் திறந்தால், அது நிற்க மறுத்துவிட்டது. தூக்கினால் மெள்ளத் தழைந்தது. “நேற்றெல்லாம் நின்றதே சார்!” என்று டிரைவர் ஆச்சரியப்பட்டார். பையன் எங்கிருந்தோ ஒரு கழியைக் கொண்டு வந்து முட்டுக் கொடுத்தான். அத்தை கம்பளிச் சட்டையைத் தேடி இடுப்பு வரையில் அறைக்குள்ளே குனிந்தாள். அந்தச் சமயம் ஏரிப் பக்கமிருந்து குபீரென்று ஒரு காற்று வீசிற்று. கதவு ஓர் அங்குலம் மேலே எழுந்தது. கழி தரையில் விழுந்தது. கதவு முதலில் மெதுவாகவும், பிறகு வேகமாகவும் இறங்கிற்று.

“அம்மா, தலை!” என்று கத்திக்கொண்டே பையன் கையைக் கொடுத்தான். அத்தை தப்பினாள். பையனுடைய வலது கை விரல்கள் இரண்டு, கதவின் விளிம்புக்கும் சட்டத்துக்கும் நடுவே அகப்பட்டு முறிந்தன. தினக் கூலிக்கு வேலை செய்கிறவனுக்கு இரண்டு விரல் என்றால், எத்தனை வாரத்துச் சோறு என்பதை நேயர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். அத்தை இன்றைக்கும் முருகனைக் கும்பிடும்போது அந்தப் பையன் பெயரையும் சேர்த்துச் சொல்லுகிறாள்.

ஊர் திரும்பிய பிறகு, இந்த விஷயத்தைப் பட்டறைக்காரர்களிடமும் விஷயம் அறிந்தவர்களிடமும் விசாரித்தோம். முதல் சந்தேகம்: புதுக்கோட்டையில் நின்ற கதவு கொடைக்கானலில் ஏன் நிற்கவில்லை?

அக்கதவின் இரு பக்கத்திலும் மெல்லிய குழாய்போல் இரண்டு தண்டுகள் இருந்தன. மோட்டார் வண்டியின் பின் மூடியிலும் இவற்றைக் காணலாம். ‘டிக்கி ஷாக்கப்சர்’ என்று கடையில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். குழாய்க்குள்ளே நைட்ரஜன் வாயுவை மிகுந்த அழுத்தத்தில் அடைத்திருக்கிறார்கள். சிறிது எண்ணெயும் உண்டு. அந்த வாயு உள்ளேயிருக்கும் பளபளப்பான கம்பியை ஓயாமல் வெளியே தள்ளிக்கொண்டிருப்பதால்தான் கதவு நிற்கிறது.

எவ்வளவு பலத்துடன் தள்ள வேண்டும்? ஒரு கதவு 15 கிலோ எடையும் 90 சென்டிமீட்டர் உயரமும் உடையதென்று வைத்துக்கொள்வோம். படுக்கை வாட்டமாகத் திறந்து நிற்கையில் அதன் பாரம் முழுவதும், கீலிலிருந்து 45 சென்டிமீட்டர் தூரத்தில் தொங்குவது போலாகும். தண்டுகளோ கீலுக்கு வெகு சமீபத்தில், சுமார் 12 சென்டிமீட்டர் தூரத்தில் நின்று தள்ளுகின்றன. ஆகவே 15-ஐ 45-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால், 56 கிலோவுக்குச் சற்று அதிகமாக வருகிறது. அதாவது தண்டு ஒன்றுக்கு 28 கிலோ. 15 கிலோக் கதவைத் தாங்க 56 கிலோ பலம்! நெம்புகோலின் நியாயம் அப்படி. குழாயின்மேல் இந்தப் பலத்தை நியூட்டன் என்னும் அளவில் அச்சிட்டிருப்பார்கள். ஏறக்குறைய 10 நியூட்டன் ஒரு கிலோவுக்குச் சமானம்.

வாயுவின் குணம், சூட்டில் அழுத்தம் ஏறுவது, குளிரில் இறங்குவது. நம் ஊரின் 40 டிகிரி மத்தியானத்தில் 28 கிலோ தள்ளும் தண்டு, மலையின் 10 டிகிரி விடியலில் சுமார் 25 கிலோதான் தள்ளும். பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. புதிய தண்டில் இதைச் சமாளிக்க மிச்ச பலம் இருக்கும். பழைய தண்டிலோ வருஷக் கணக்கில் வாயு சிறிது சிறிதாகக் கசிந்து, அந்த மிச்சம் கரைந்து போயிருக்கும். ஆகவே நமது கதவைப் புதுக்கோட்டையில் நிறுத்தியது தண்டு அன்று, சித்திரை வெயில்! அன்றைக்கு அது காட்டிய தயக்கமே எச்சரிக்கை. அதை நாம் படிக்கத் தவறினோம்.

இன்னொரு விசேஷமும் உண்டு. பல கதவுகளில் இந்தத் தண்டுகள் ஒரு கட்டம் வரையில்தான் கதவைத் தாங்கும். கதவு அக்கட்டத்தைத் தாண்டிக் கீழிறங்கினால், அதே தண்டு கட்சி மாறி, கதவை இறுக மூடுவதற்கு உதவி செய்யும். மெதுவாகத் தொடங்கிய இறக்கம் வேகமாக முடிந்ததன் இரகசியம் இதுவே. தண்டு அடியோடு கெட்டிருந்தாலோ கேட்க வேண்டாம். மேற்சொன்ன அளவுள்ள கதவின் விளிம்பு, கீழே வந்து சேரும்போது மணிக்குச் சுமார் 18 கிலோமீட்டர் வேகத்தில் வரும்.

இரண்டாவது சந்தேகம்: கழி ஏன் விழுந்தது? பாரம் தாங்காமல் விழுந்ததென்று நாம் எண்ணினோம். அப்படியன்று. பாரம் அழுத்திக்கொண்டிருக்கும் வரையில் கழி ஆடாமல் நிற்கும். காற்று கதவைத் தூக்கிய அந்த ஒரு கணம் பாரம் இல்லாமற் போயிற்று; பிடிப்பும் போயிற்று. சாலையோரத்தில் பெரிய லாரி ஒன்று விரைந்து சென்றால் எழும் காற்றும் இதே வேலையைச் செய்துவிடும்.

இதற்குப் பரிகாரம் தேடி வெகு தூரம் போக வேண்டியதில்லை. புதுக்கோட்டைக் கீழ ராஜ வீதிப் பக்கம் காலை வேளையில் நடந்தால் போதும். பெட்டிக் கடைக்காரர் முன்பலகையை மேலே தூக்கி இரும்புக் கம்பியால் முட்டுக் கொடுப்பதைக் கவனியுங்கள். நல்ல கடைக்காரரின் கம்பி வெறுமே சாய்ந்து நிற்பதில்லை. அதன் ஒரு முனை வளையத்தில் கோத்திருக்கும். மறு முனை கொக்கியாக வளைந்து துவாரத்தில் மாட்டியிருக்கும். காற்று பலகையைத் தூக்கினாலும் கம்பி கூடவே போகுமேயன்றி நழுவாது. இரு முனையும் கட்டுப்பட்ட முட்டே முட்டு. மற்றதெல்லாம் வெறும் கழி.

செட்டிநாட்டுப் பகுதி வீடுகளில் இருக்கும் பெரிய மரப் பெட்டகங்களுக்கும் இது பொருந்தும். மூடி செங்குத்து நிலையைத் தாண்டிப் பின்னால் சாய்ந்துவிட்டால், அதன் பாரமே அதற்குக் காவல். செங்குத்தாக நின்றுகொண்டிருந்தால் ஒரு குழந்தையின் விரல் பட்டாலும் விழும். சாய்த்த பிறகு ஒரு சங்கிலியும் மாட்டிவிட்டால் கவலையில்லை.

பஸ்ஸோ, வானோ, இப்பொழுது நாகரிகமாகி வரும் கேரவன் வண்டியோ, எதை வைத்திருப்பவரானாலும் அவருக்கு நமது விண்ணப்பம் இதுதான். கதவு தயங்க ஆரம்பித்ததும் தண்டுகளை மாற்றிவிடுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் கதவு கோணும். இரண்டையும், அதே அளவில், ஒரே சமயத்தில் மாற்ற வேண்டும். கதவு மூடியிருக்கையில் மெல்லிய கம்பி கீழ்முகமாக இருக்கும்படி பொருத்தினால், உள்ளிருக்கும் எண்ணெய் அடைப்பை ஈரமாக வைத்திருக்கும்; வாயு சீக்கிரம் கசியாது. கம்பியைக் குறட்டால் பிடிக்க வேண்டாம். ஒரு கீறல் விழுந்தாலும் அடைப்பு கெட்டுவிடும். பழைய தண்டை அறுப்பதோ, துளைப்பதோ, நெருப்பில் போடுவதோ பிராணாபத்து. தண்டு எவ்வளவு புதியதானாலும், கீலோடு கூடிய ஓர் இரும்பு முட்டையும் பொருத்தி வையுங்கள்.

பிரயாணம் செய்யும் குடும்பத்தாருக்கும் ஒரு வார்த்தை. குனிவதற்கு முன் கதவின் விளிம்பைப் பிடித்து ஒருமுறை கீழே இழுத்துப் பாருங்கள்; ஒருமுறை மேலே தூக்கியும் பாருங்கள். இரண்டுக்கும் அசையாமல் நின்றால் தலையை உள்ளே விடலாம். குழந்தைகளை அந்தப் பக்கமே விட வேண்டாம்.

இரண்டு தண்டுகளின் விலை பஸ் டயர் ஒன்றின் விலையில் ஒரு சிறு பகுதிதான். டயர் தேய்ந்தால் வண்டி ஓடாது, ஆகையால் மாற்றிவிடுகிறோம். தண்டு தேய்ந்தாலும் வண்டி ஓடும். ஏனென்றால் யாராவது ஓர் ஏழைப் பையன் கழியை எடுத்துக்கொண்டு ஓடி வருவான். நம் தேசத்தில் எத்தனையோ காரியங்கள் இப்படித்தான் நடைபெறுகின்றன. இரும்பு செய்ய வேண்டிய வேலையை மனிதன் கை செய்கிறது. கை முறிந்தால் வேறு கை வருகிறது. சுயராஜ்யம் என்பது அந்தக் கைக்கும் சேர்த்துத்தான் வந்தது என்பதை நாம் மறக்கலாகாது.

இனிமேல் யாராவது நம்மைப் பார்த்து, “எதற்கெடுத்தாலும் முட்டுக்கட்டை போடுகிறீர்” என்று சொன்னால், நாம் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. இரு முனையும் நன்றாக மாட்டியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்வோம்.