இன்ஜினுக்கு எதுக்குங்க மேக்கப்?

புது பைக் புக் பண்ணும்போது ஷோரூம்ல ஒரு ஆக்சஸரீஸ் லிஸ்ட் நீட்டுவாங்க. குரோம் இன்ஜின் கவர் மாதிரி அலங்கார ஐட்டமும் அதுல இருக்கும். "லோன்லயே சேர்த்துடலாம் சார், இஎம்ஐ நூத்துச் சொச்சம்தான் கூடும்"னு சொல்வாங்க.

கணக்கு போட்டுப் பாருங்க நண்பர்களே. இப்படி 4,000 ரூபாய்க்குச் சேர்த்தா, 12 சதவீத வட்டியில் 36 மாசத்துக்கு மாசம் 133 ரூபாய். கடைசியில் கட்டுறது சுமார் 4,783. மைலேஜ் கூடுமா? கூடாது.

செலவு அதோட முடியாது. ஏர் கூல்டு இன்ஜின் சூடு தணியறதே அதோட ஃபின்கள்ல காத்து படுறதாலதான். அதைக் கவர் மறைச்சா இன்ஜினுக்குக் கஷ்டம். மழைக்காலச் சேறு உள்ளே தங்கும். ஆயில் கசிஞ்சா சீக்கிரம் கண்ணுல படாது. சின்ன ரிப்பேர் பெரிய பில் ஆகும்.

அதனால, வாங்காதவங்க வாங்க வேண்டாம். வாங்கினவங்க கழட்டிடுங்க. "காசு கொடுத்தாச்சே"ன்னு யோசிக்காதீங்க. மாட்டி வெச்சாலும் அந்தக் காசு திரும்பாது.

ஒரே எச்சரிக்கை: கிளட்ச் கவர், மேக்னட் கவர், செயின் ஸ்ப்ராக்கெட் கவர் எல்லாம் அலங்காரம் இல்ல, அதைத் தொடாதீங்க. அலங்காரக் கவர் இன்ஜின் போல்ட்லயே மாட்டியிருந்தா, பழைய அளவு போல்ட்டைத் திரும்பப் போடச் சொல்லுங்க. நீளமான போல்ட் சரியா இறுகாது. சந்தேகம்னா அடுத்த சர்வீஸ்ல மெக்கானிக்கிட்டயே விடுங்க.

அந்த 133 ரூபாயை மாசாமாசம் எடுத்து வைங்க. வருஷத்துக்கு 1,596. ஆயில் மாத்துற செலவுக்கு ஆச்சு!