வாசல் திறந்த வீட்டுக்கு எந்த டிவி?

தூத்துக்குடி பக்கத்து மாப்பிள்ளையூரணியில் டிவி பழுது பார்க்கிறவன் சொல்கிறேன்: கடன்பட்டு ஓஎல்இடி டிவி வாங்காதீர்கள். இருட்டறையில் அதன் கறுப்புக்கு ஈடில்லை. திரையின் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்ந்து தானே அணைகிறது. ஆனால் நம் வீடுகளில் பகல் முழுக்க வாசல் திறந்தே கிடக்கும். உப்பளத்து வெயில் உள்ளே அடித்தால் படம் மங்கிவிடும். ஒரே செய்திச் சேனல் நாள்தோறும் ஓடினால் அதன் லோகோ திரையிலேயே தடமாகப் பதியவும் கூடும். கியூஎல்இடி என்பதோ பின்னால் விளக்கு வைத்த எல்சிடிதான். வெளிச்சம் தாராளம், அந்தப் பயமும் இல்லை.

உப்புக்காற்று எதையும் விடாது. 2006இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச டிவி திட்டத்தில் வந்த 14 அங்குல பிக்சர் டியூப் டிவிகளைத் திறந்தால் போர்டில் பச்சை பூத்திருக்கும். ஆகவே கடையில் முதலில் கேளுங்கள்: பேனல் போனால் என்ன விலை, தூத்துக்குடியிலேயே சர்வீஸ் உண்டா? மழுப்பினால் அடுத்த கடைக்குப் போங்கள்.