எந்தப் பாதைக்கு முதலிடம்?



பனி கொட்டி ஓய்ந்த இரவில் ஒரு சிறு நகரம் எப்படி இருக்கும் என்பதை நம்மில் பலர் படங்களில்தான் பார்த்திருக்கிறோம். புலம்பெயர்ந்த உறவுகள் சொல்லவும் கேட்டிருப்போம். புதுப்பனி ஓசையை உள்வாங்கிக்கொள்வதால் ஊரே அடங்கிப்போகும். பார்க்க அழகுதான். ஆனால் வேலை முடிந்து தனியே வீடு நோக்கி நடக்கும் பெண்ணுக்கு, கணுக்கால் புதையும் பனியும் அதன் கீழே மறைந்திருக்கும் வழுக்கலும்தான் பெரிதாகத் தெரியும். பிள்ளையின் தள்ளுவண்டியும் இருந்தால் சொல்லத் தேவையில்லை.

சுவீடனில் கார்ல்ஸ்கூகா என்றொரு நகரம் உண்டு. போபர்ஸ் ஆயுதத் தொழிற்சாலையால் பேர்பெற்ற இடம். மார்கழியில் அங்கே பிற்பகல் 3 மணியளவிலேயே பொழுது சாய்ந்துவிடும். வேலை விட்டு வருபவர்கள் எல்லோரும் இருட்டிலேதான் வீடு திரும்புவார்கள்.

பனி விழுந்தால் நகரசபை முதலில் பெருவீதிகளைத் துப்புரவாக்கும். நடைபாதைகளும் சைக்கிள் பாதைகளும் கடைசியில்தான். இதில் ஆண், பெண் என்று என்ன வேறுபாடு இருக்கப்போகிறது என்றே அங்கும் எண்ணினார்கள். ஆராய்ந்து பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. காரில் போவோரில் ஆண்கள் அதிகம். நடந்தும் பஸ்ஸிலும் போவோரில் பெண்கள் அதிகம். பெண்ணின் பயணம் வேலைத்தலத்தோடு முடிவதில்லை. முன்பள்ளி, கடை, முதிய பெற்றோர் வீடு என்று சுற்றி வரும். கொஞ்சப் பனியைக் கார் தாண்டிவிடும், தள்ளுவண்டி தாண்டாது. வழுக்கி விழுந்து வைத்தியசாலைக்குப் போவோரிலும் பெண்களே அதிகம் என்று சுவீடன் ஆய்வுகள் காட்டின.

2011இல் நகரசபை வரிசையை மாற்றியது. நடைபாதைகளுக்கும் முன்பள்ளிக்குப் போகும் வழிகளுக்கும் முதலிடம் கிடைத்தது. அதற்கு மேலதிகச் செலவும் ஏற்படவில்லை.

நமக்குப் பனி இல்லை. ஆனால் பஸ் தரிப்பிடத்திலிருந்து வீடு வரை பற்றை மண்டிய, மின்குமிழ் இல்லாத ஒழுங்கைகள் உண்டு. தையல் தொழிற்சாலையில் வேலை முடித்து வரும் பிள்ளையும், கணவனை இழந்து குடும்பத்தைத் தாங்கும் தாயும் அதனூடாகத்தான் நடக்கிறார்கள். பயம் வந்ததும் நாம் செய்வதென்ன? “தனியாகப் போகாதே” என்கிறோம். மகளின் மாலை வகுப்பு நிற்கிறது, தாயின் வேலை நிற்கிறது. ஒழுங்கை மட்டும் இருந்தபடியே இருக்கிறது.

ஆகவே ஒரு சிறு வேலை செய்வோம். அயல்வீட்டுப் பெண்களோடு கூடியிருந்து, யார் எந்த நேரத்தில் எந்தப் பாதையால் வருகிறார்கள், எந்தக் கம்பத்தில் விளக்கு எரிவதில்லை, எங்கே பற்றை வெட்டவேண்டும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். எல்லோரும் கையொப்பமிட்டுப் பிரதேச சபையில் கொடுங்கள். பிரதியில் திகதியோடு ஒப்பம் பெற மறவாதீர்கள். உள்ளூராட்சி மன்றங்களில் பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு 2018 தேர்தலிலிருந்து நடைமுறைக்கு வந்துள்ளது. உங்கள் சபையிலும் பெண் உறுப்பினர் இருந்தால் அவரை ஒரு மாலையில் அழைத்து, அந்த ஒழுங்கையால் உங்களோடு நடக்கச் சொல்லுங்கள்.