இல்லமும் கல்வியும்: விசைப்பலகைக்கு முன் பென்சில்

நிரல் எழுதும் போட்டிகளுக்குப் பயிலும் பிள்ளை, விசைப்பலகையைத் தொடாது காகிதத்தையே நோக்கியிருந்தால், நம் பெங்களூர் இல்லங்களில் பெற்றோர் கடிந்துகொள்வதுண்டு. அது முறையன்று.

1989-இல் பல்கேரியாவில் தொடங்கிய உலகக் கணிப்பொறி ஒலிம்பியாடில் இந்திய மாணவர் 2002 முதல் பங்குபெற்று வருகின்றனர். அதற்கான நம் நாட்டு முதற்கட்டத் தேர்வு நெடுங்காலம் பென்சிலும் காகிதமும் கொண்டே நடைபெற்றது. காரணம் உண்டு. 1 முதல் 1000 வரை ஒருவர் நினைத்த எண்ணை ஒவ்வொன்றாக வினவினால் 999 வினாக்கள்கூட வேண்டியிருக்கும், ‘500-க்கு மேற்பட்டதா?’ என்று பாதி பாதியாகக் கழித்தால் பத்தே போதும். இவ்வழி தெளிந்தபின் நிரல் எழுதுதல் எளிது.

ஆகவே, கடன்பட்டு விலையுயர்ந்த கணிப்பொறி வாங்குமுன், பிள்ளைக்கு நாள்தோறும் ஒரு மணி நேர அமைதியை அளியுங்கள்.