மழையைக் கணக்கில் சேர்க்காத மதிப்பீடு

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்குத் திட்டம் வகுப்பதில் மாதங்களைச் செலவிடுவது தேசத்தின் முன்னேற்றத்துக்கு விரோதமான காரியமென்றும், ஒரு பருவத்துத் தகவல்களைத் திரட்டி அறிக்கையை முடித்துவிடலாமென்றும் நண்பர் ஒருவர் வெகு உற்சாகத்துடன் வாதிக்கிறார். அவசரம் அவருடையது, அதன் பலனை அனுபவிக்கப்போவது வேறு ஜனங்கள்.

இந்திய சர்க்காரின் 2006ஆம் வருஷத்துச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்கீழ் நடைபெறும் மதிப்பீடுகளில் பல, மழைக்காலம் நீங்கலான ஒரே பருவத்தில் காற்றையும் நீரையும் மண்ணையும் அளந்து திருப்தியடைந்துவிடுகின்றன. தூசியை அளப்பதற்கு வறண்ட காலம் உசிதமே. அதை நான் மறுக்கவில்லை. ஆனால், வடகிழக்குப் பருவமழையின்போது கொசஸ்தலையாற்றின் வெள்ளத்தைக் கடலில் கொண்டு சேர்க்கும் எண்ணூர்க் கழிமுகத்தை ஏப்ரல் வெயிலில் போய்ப் பார்த்து, இங்கே நீரோட்டம் சொற்பமே என்று ஒருவர் எழுதுவாரானால், அவர் கண்டது சத்தியமாகவே இருந்தாலும் அதனால் யாருக்குப் பிரயோசனம்? எதை, எங்கே, எந்த மாதத்தில் அளப்பது என்பதை முன்கூட்டித் தீர்மானிக்கும் வரம்பு நிர்ணயத்தையே நண்பர் வீண் சம்பிரதாயமென்கிறார். அந்த அறிவிக்கை அதற்கு அளித்த அவகாசமோ 60 நாள்தான்!

அறிக்கை எவ்விதம் இடத்துக்குப் பொருந்தாமற் போகும் என்பதற்கு ஓர் உதாரணம்: மகாராஷ்டிரத்தில் ரத்னகிரி ஜில்லாவின் பாக்சைட் சுரங்கமொன்றுக்காகத் தயாரித்த அறிக்கையில், ருஷ்ய தேசத்துச் சுரங்கமொன்றைப் பற்றிய வாசகங்கள் புகுந்திருந்தன. கொங்கணத்து மாந்தோப்புகளுக்கு அவ்வாசகங்களில் என்ன இடம் இருந்திருக்கும்?

அறிக்கை எழுதும் ஆலோசகருக்குக் கூலி கொடுப்பவர் திட்டத்தின் சொந்தக்காரரே என்ற விஷயத்தை நண்பர் ஏனோ தொடவேயில்லை. காலத்தைக் குறைக்கச் சொல்வதற்கு முன்னால், இதற்கு அவர் பதில் சொல்லட்டும்.