கடன் வாங்கின பி.டி. பீரியட்

"போர்ஷன் முடியல, பி.டி. பீரியட எனக்குக் குடுங்க" என்று கணக்கு சார் கேட்காத பள்ளிக்கூடம் எங்க ஆர்.கே.பேட்டை பக்கம் இல்லை. உங்க ஊரிலும் இருக்காது. காமர்ஸ் படிக்கிறவன் சொல்றேன் மக்களே, திருப்பித் தராததுக்குப் பேர் கடன் இல்லை!

ஓடும்போது நம்ம தசை, இன்சுலின் உதவி இல்லாமலே ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். ஓடி முடித்த பிறகும் ஓரிரு நாள் இன்சுலின் நன்றாக வேலை செய்யும். அவ்வளவுதான், சேர்த்து வைக்க முடியாது. ஆடிக்கிருத்திகைக்குத் திருத்தணியில் 365 படி ஏறிவிட்டால் வருஷக் கணக்கு நேராகிவிடாது.

பதின்ம வயதில் தினம் சராசரியாக 60 நிமிடம் ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2016 கணக்குப்படி உலகத்தில் 11–17 வயது மாணவர்களில் 81 சதவீதம் பேர் அந்த அளவைத் தொடவில்லை. இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல் என்றது 2023-ல் வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு. இந்த வட்டியை யார் கட்டுவது?

"மார்க் போயிடுமே?" வாரத்துக்கு ஒன்றிரண்டு பீரியடைப் பிடுங்கித்தான் பாஸ் பண்ண வைக்கணும்னா, கோளாறு விளையாட்டில் இல்லை சார், உங்க டைம்டேபிளில். பசங்களைக் கிரவுண்டுக்கு விடுங்க!